பொட்டுக்கு அடியில்

அப்பா செத்த பிறகுதான் எங்கம்மாவின் நெற்றியை நான் முழுதாகப் பார்த்தேன். சொன்னால் கதை விடுகிறேன் என்பீர்கள். பெற்றவளின் நெற்றியைப் பார்க்காத மகள் உண்டா என்று ஆபீசில் ஒருத்தி என்னிடமே கேட்டாள். உண்டு. ஒரே மகள், அவள் இடுப்பில் உட்கார்ந்து வளர்ந்தவள், அவளோடு வாய்க்கு வாய் பேசிச் சண்டை போட்டவள், நான்தான் அது. இப்போது நினைத்தாலும் பகீரென்கிறது.

அம்மா, கருங்குழியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். பிள்ளைகளுக்கு அவள் ஆயா. அப்பா மதுராந்தகத்தில் ரைஸ் மில்லில் வேலை பார்த்தார். நான் ஊரப்பாக்கத்தில் குடியிருக்கிறேன். ஒரு கம்பெனியில் வேலைக்கு ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன். முகத்தைப் பார்த்தே ஆளை எடை போட்டுவிடுவேன் என்று அங்கே எல்லோரிடமும் பீற்றிக்கொள்வேன். ரொம்ப லட்சணம்!

அம்மா வைத்துக்கொள்வது ஸ்டிக்கர் பொட்டு. மெரூன் கலர், வட்டம். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அது மிளகு அளவில் இருந்தது. எனக்குக் கல்யாணமானபோது பட்டாணி அளவு. என் பையன் பிறந்த பிறகு ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வந்துவிட்டது. "இன்னாம்மா இது, ஆடி மாசம் சாமியாடப் போறியா?" என்று கிண்டல் பண்ணுவேன். "எங்கூட்டுக்காரருக்கு இப்டி இருந்தாதான் புடிக்குது. உனுக்கு இன்னாடி?" என்பாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பார். அந்தக் கறுத்த முகத்துக்கு அவ்வளவு பெரிய பொட்டு எடுப்பாகத்தான் இருந்தது.

மற்ற வீடுகளில் குளிக்கப் போகும்போது பொட்டைப் பிய்த்துக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டுக் கண்ணாடியில் ஒரு பொட்டும் இருக்காது. அம்மா சுத்தக்காரி என்று நினைத்துக்கொண்டேன். குளிக்கும்போதும் தூங்கும்போதும் அவள் அதை எடுப்பதே இல்லை என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

இந்த வருஷம் கோடை விடுமுறையில் அப்பா போய்ச் சேர்ந்தார். மில்லில் மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். நான் அழுத அழுகையை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் காரியத்துக்கு நாள் குறித்ததும் எனக்குள் வேறு ஒரு வெறி கிளம்பியது.

எங்கள் பக்கத்தில் காரியத்தன்று காலையில் புருஷனை இழந்தவளை நடுவில் உட்கார வைப்பார்கள். மஞ்சள் பூசி, தலை நிறைய பூ வைத்து, கை நிறைய வளையல் அடுக்கி, கல்யாணப் பெண் மாதிரி ஜோடிப்பார்கள். அப்புறம் ஒவ்வொன்றாகப் பிடுங்குவார்கள். வளையலை உடைப்பார்கள், தாலியை அறுப்பார்கள், பொட்டை அழிப்பார்கள். சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைப்பவர்களில் பாதிப் பேர் அதே மாதிரி ஒரு நாள் நடுவில் உட்கார்ந்தவர்கள்தான். சின்ன வயதில் அதை ஒரு தரம் பார்த்துவிட்டு எனக்கு ஜுரமே வந்தது. எங்கம்மாவுக்கு அது நடக்க விடமாட்டேன் என்று வைராக்கியமாக இருந்தேன்.

எதிரில் நின்றவள் அத்தை, அப்பாவின் அக்கா. அவளும் புருஷனை இழந்தவள். வெறும் நெற்றியோடு வீட்டையே அதட்டி வேலை வாங்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா பொட்டுல எவளாவது கை வச்சீங்க, நடக்கறதே வேற, சொல்லிட்டேன்" என்றேன்.

"ஏன்டி, ஊருல இல்லாததயா நாங்க செய்யறோம்? நான் குந்தல? என் பொட்ட அழிக்கல?"

"உனுக்கு செஞ்சது தப்பு அத்த. அதுக்குன்னு எங்கம்மாவையும் அழிக்கணுமா?"

"நாலு எழுத்து படிச்சிட்டு வந்துட்டா, அத்தைக்கே நாயம் சொல்ல!"

நாங்கள் இரண்டு பேரும் அம்மாவின் தலைக்கு மேலே கத்திக்கொண்டிருந்தோம். அவள் சுவரோரம் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். எடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கை மட்டும் நெற்றிக்குப் போய்ப் போய் வந்தது. பாவம், பொட்டுப் போய்விடுமே என்று தவிக்கிறாள் என்று நினைத்தேன். அதனால் இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

கடைசியில் பாதிப் பாதியாக முடிவானது. வளையலை உடைக்காமல் கழற்றுவது, தாலியை அறுக்காமல் எடுத்துப் பாலில் போடுவது. பொட்டு மட்டும் தீராமல் கிடந்தது. காரியத்தன்று காலையில் வளையலும் தாலியும் சத்தமில்லாமல் முடிந்தன. அந்த நேரம் பார்த்து வாசலிலிருந்து சமையல்காரர் எண்ணெய் போதவில்லை என்று கூப்பிட்டார். போனேன். போயிருக்கவே கூடாது என்று பாதி வழியில் உறைத்தது. திரும்பி ஓடி வந்தபோது உள்ளே அழுகைச் சத்தம் திடீரென்று நின்றது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பார்த்தேன். அத்தை அம்மாவுக்கு முன்னால் குனிந்து நின்றிருந்தாள். அவளுடைய வலது உள்ளங்கை அம்மாவின் நெற்றியில் அழுந்தியிருந்தது. ஜுரம் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல இருந்தது. அம்மா கண்ணை இறுக்கி மூடியிருந்தாள்.

"பொட்டு இருக்கட்டும்!" என்று அத்தை கத்தினாள். குரல் நடுங்கியது. "காலம் மாறிப்போச்சி. எந்தம்பி பொண்டாட்டி பொட்டோடயே இருக்கட்டும். எவளும் ஒண்ணும் பேசக் கூடாது!"

அத்தையா? வெள்ளிக்கிழமை யார் எதிரிலும் வரக் கூடாது என்று தன்னையே ஒதுக்கிக்கொள்கிறவளா இப்படிப் பேசுகிறாள்? எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த நிமிஷம் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். வாழ்க்கையில் அத்தையிடம் நான் ஜெயித்த ஒரே சண்டை அதுதான் என்று பூரித்துப் போனேன், சத்தியமாக.

அத்தை நெற்றியிலிருந்து கையை எடுக்காமலேயே அம்மாவை எழுப்பி உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "நீயும் வாடி" என்றாள். நான் போனதும் தாழ்ப்பாள் போட்டாள். அப்புறம்தான் கையை எடுத்தாள்.

"பாரு. நல்லா பாத்துக்கோ."

வெள்ளை. நெற்றிக்கு நடுவில் சுண்ணாம்பு வெள்ளை. பொட்டு இருந்த இடம் வட்டமாக இருந்தது. ஓரம் பிசிறியிருந்தது. அதைச் சுற்றிப் பொடிப் பொடியாக வெள்ளைப் புள்ளிகள். பிய்த்த பொட்டு அத்தையின் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

இது யாருடைய நெற்றி என்று இருந்தது. "இன்னாம்மா இது? எத்தினி நாளா?" என்றேன்.

"நீ காலேஜு போன காலத்துலர்ந்து" என்றாள் அம்மா. கண்ணைத் திறக்கவில்லை.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. வெளக்கணைச்ச பின்னாடிதான் மாத்துவேன்."

ஒரே பாயில் படுத்த மனுஷனுக்கே தெரியாமல் இத்தனை வருஷமா? ஒரு வெள்ளைப் புள்ளிக்காக ஒரு பெண்பிள்ளை தன் வீட்டுக்குள்ளேயே இப்படியா ஒளிந்து வாழ்வாள்? எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, என்மேல் வந்தது, ஒன்றும் தெரியாமல் சிரித்துக்கொண்டு செத்துப்போன அப்பாமேல்கூட வந்தது.

அத்தை மட்டும் தெளிவாக இருந்தாள். அம்மாவின் பெட்டியைத் துழாவிப் புதுப் பொட்டு அட்டையை எடுத்தாள். ஒன்றைப் பிய்த்து அம்மாவின் நெற்றியில் வைத்து அழுத்தினாள். "தாலி போனவ பொட்டு வச்சிகினா நாலு நாள் பேசுவானுங்கோ. இது தெரிஞ்சா சாவற வரைக்கும் பேசுவானுங்கோ. வாய மூடிகினு இருங்க ரெண்டு பேரும்" என்றாள். ஊர் வாய்க்கு அத்தை பயந்த அந்தப் பயத்தில்தான் நான் ஜெயித்திருந்தேன்.

வெளியே எல்லோரும் அத்தையைப் புகழ்ந்து தள்ளினார்கள். என்னையும்தான்.

அன்று சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு அம்மாவைக் குடைந்தேன். அவளுக்குப் பயம் வேலையைப் பற்றி. "பள்ளிக்கூடத்துல தெரிஞ்சா அவ்ளோதான்டி. வெண்குஷ்டக்காரி கையால என் புள்ள துன்னாதுன்னு சொல்லுவாங்க" என்றாள். சும்மா சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் குஷ்டத்துக்கென்று பெரிய ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. கோபம் வந்தால் அந்த ஊர்ப் பேரைச் சொல்லியே திட்டுவார்கள். தேமல் வந்தால்கூட மறைக்கிற ஊர்.

இன்னொன்றும் உண்டு. நாங்கள் காலனி. அம்மா அந்தச் சமையல்கூடத்தில் முதல்முதலாக உலை வைத்தபோது ஊர்த்தெருக்காரர்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைத் தட்டோடு இழுத்துக்கொண்டு போனார்கள். வடித்த சோறு அப்படியே கிடந்தது. அதிகாரிகள் வந்தார்கள், அவள் சமைத்ததைச் சாப்பிட்டுக் காட்டினார்கள், கூட்டம் போட்டார்கள். நடையாய் நடந்து, அழுது, சண்டை போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். இப்போது ஆயா சாம்பார் சாதம் என்றால் அந்தத் தெருப் பிள்ளைகள்தான் இரண்டாம் தரம் தட்டை நீட்டும்.

"ஒரு தபா சோத்துக்காக சண்ட போட்டாச்சி. இன்னொரு தபா என்னால முடியாதுடி" என்றாள் அம்மா. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கிளப்ப நான் பட்ட பாடு! அங்கே தோல் டாக்டரிடம் போனால் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பஸ் ஏறும்வரை முரண்டு பிடித்தாள். காசு அளவு பொட்டோடும், அதற்கு மேலே நெற்றிவரை இழுத்துவிட்ட முந்தானையோடும் வந்தாள். கோடைவெயிலில் அப்படி வருகிறவளைத்தான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தோல் பிரிவில் பெஞ்சு நிரம்பியிருந்தது. முதலில் எனக்குக் கூட்டமாகத்தான் தெரிந்தது, அப்புறம்தான் ஒவ்வொருவராகக் கண்ணில் பட்டார்கள். ஒரு காலேஜ் பையனுக்குக் கழுத்திலிருந்து கன்னம் வழியாக இடது பக்கம் மட்டும் பட்டையாக வெள்ளை. இடது கண் இமை முடிகூட வெளுத்திருந்தது. வலது பக்கம் ஒரு புள்ளிகூட இல்லை, நடுவில் கோடு கிழித்து நிறுத்திய மாதிரி. டீக்கடைக்காரர் போல இருந்த ஒருவருக்கு உதடும் விரல் நுனிகளும் மட்டும் வெளுத்திருந்தன. ஒரு பெண்ணுக்கு இரண்டு முழங்கையிலும் இரண்டு முட்டியிலும் அளவெடுத்தாற்போல ஒரே இடத்தில், ஒரே மாதிரி. இத்தனை தினுசா என்று மலைத்துப் போனேன்.

அந்த நேரத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். மாமல்லபுரத்துக்கு யோகா கற்க வந்து உடம்புக்கு முடியாமல் போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்து, எழுந்து நின்று, என் ஆபீஸ் இங்கிலீஷில் உட்காரச் சொன்னேன்.

"இன்னாம்மா இங்கிலீஸ்ல பேசற? நவுந்து குந்து, காலு வலிக்குது" என்றாள்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் பார்த்தால்தான் தெரிகிறது. முகம், கை, கால், எல்லாம் வெள்ளை. தலைமுடி மட்டும் கறுப்பு. மாமல்லபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குப்பத்தில் மீன் விற்கிறவள்.

"நீ பரவால்ல" என்று என்னைத் தேற்றினாள். "அங்க பஸ்ஸ வுட்டு எறங்கனா போதும், பாசிமணி விக்கறவன் 'மேடம், மேடம், குட் பிரைஸ்'னு பின்னாலயே ஓடியாரான். கல்லு யானய மூஞ்சிக்கு நேரா நீட்றான். 'டேய், உங்கம்மாவுக்கு நெத்திலி குடுத்தவடா நானு, போயி வேலயப் பாரு'ன்னேன். பயத்துல யானயக் கீழ போட்டுட்டான்."

பெஞ்சே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. அந்த அம்மாளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உனுக்கு எங்கருந்து ஆரம்பிச்சிது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"மொதல்ல ரெண்டு கையிலயும் ஒரே மாரி வந்துது. அப்பறம் ரெண்டு கண்ண சுத்தி. அப்பறம் வந்துகினே கீது. இப்ப முதுகுல ஒரு கையளவு கறுப்பு கீது, அவ்ளோதான் மிச்சம். வெயிலுதான் தாங்கல, எரியுது. அதுக்குத்தான் மருந்துக்கு வந்தேன்."

"மீனு வாங்குவாங்களா?"

"பாதி கறுப்பு பாதி வெள்ளையா இருக்கசொல்லதான் ஒரே பேஜாரு. மீனக் கையில எடுத்துட்டு, என் கையப் பாத்துட்டு, கீழ வச்சிட்டு போவாங்க. நான் வுடல. மீனு கடல்லர்ந்து வருது, என் கையிலர்ந்து வரல, வாங்குனா வாங்கு வாங்காட்டி போன்னு கத்துவேன். இப்ப எவனும் ஒண்ணும் கேக்கறதில்ல."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நானும் இப்டி ஆயிடுவனாடி?" என்றாள் என் காதில். எனக்கும் அதே பயம்தான். அவள் கையைத் தடவிக்கொடுத்தேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். "பொட்டை எடுங்கம்மா" என்றார். அம்மா கதவைத் திரும்பிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்புறம் எடுத்தாள். டாக்டர் ஒரு பஞ்சுத் திரியால் அந்த இடத்தைத் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று பார்த்தார். இருட்டறைக்குக் கூட்டிப்போய் நீல வெளிச்சத்தில் உடம்பு முழுக்கத் தேடினார். அம்மாவின் நெற்றி அந்த வெளிச்சத்தில் பளீரென்று எரிந்தது. வேறு எங்கும் ஒன்றும் இல்லை.

"இந்த இடத்துல அரிக்குமா?" என்றார் டாக்டர்.

"அரிக்கும்மா."

"எப்போ இருந்து?"

"இந்த ஸ்டிக்கர் பொட்டு வைக்க ஆரம்பிச்சதுலர்ந்தே."

"அரிச்சுதுன்னா ஏம்மா மறுபடி மறுபடி ஒட்டினீங்க?"

"வெள்ளையாயிடுச்சே, மறைக்கணுமே."

டாக்டர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார். "அம்மா, அந்தப் பொட்டாலதான் வெள்ளையே வந்திருக்கு. பின்னால இருக்கிற கோந்துல சில ரசாயனம் சேர்ப்பாங்க. சில பேர் தோலுக்கு அது ஆகாது. நிறத்தைக் கொடுக்கிற அணுவையே சாகடிச்சிடும். நீங்க மறைக்கிறதுக்குப் பெருசா ஒட்ட ஒட்ட, அதுவும் பெருசாகியிருக்கு."

மிளகு, பட்டாணி, காசு. அவ்வளவு வருஷமும் இவள் நோயை மூடவில்லை, நோயைத்தான் எடுத்து எடுத்து ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு தரம், ஒரே ஒரு தரம், யாரிடமாவது காட்டியிருந்தால்! யாரிடம் காட்டுவாள்? காட்டினால் வேலை போகும் என்றுதானே மறைத்தாள். எனக்கு ஓங்கிச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். வெண்குஷ்டம் என்று சொல்வதே தப்பு, குஷ்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, வெண்புள்ளி என்று சொல்லுங்கள், எந்த வகையும் யாருக்கும் ஒட்டாது என்றார். உடம்பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வருகிற வகைதான் அதிகம், அது நிற்கும், திடீரென்று மறுபடி கிளம்பும், அபூர்வமாகச் சிலருக்கு உடம்பு முழுக்கப் பரவிவிடும். ஒரு பக்கம் மட்டும் பட்டையாக வருகிற வகை சீக்கிரம் வேகமாக வந்து, பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். உதட்டிலும் விரல் நுனியிலும் வருவது மருந்துக்கு லேசில் மசியாது. ஓரிடத்தில் சின்னதாக வந்து அதோடு கிடக்கிற வகையும் உண்டு. அவர் சொல்லச் சொல்ல வெளியே பெஞ்சில் இருந்த முகங்கள் ஒவ்வொன்றாக எனக்குப் புரிந்தன. "உங்கம்மாவுக்கு வந்தது கடையில வாங்கி ஒட்டினது" என்றார் கடைசியாக.

"நெறம் திரும்பி வருமாம்மா?" என்றாள் அம்மா.

"ஒட்டுறதை நிறுத்தினா வர நிறைய வாய்ப்பு இருக்கு. மாசக்கணக்குல ஆகும். மொத்தமும் வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். சில பேருக்கு இது வேற இடத்துலயும் ஆரம்பிக்கும், அதனால வந்து காட்டணும். களிம்பு தர்றேன். ஆனா அந்த இடத்துல இனிமே எதையும் ஒட்டக் கூடாது, பூசக் கூடாது. திறந்து விடுங்க."

திறந்து விடுங்க! பஸ் ஸ்டாண்டில் நின்றபோதுதான் அது எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது. பள்ளிக்கூடம் திறக்கும்போது அந்த வெள்ளை வட்டத்தோடுதான் அவள் வரிசைக்கு முன்னால் கரண்டி பிடிக்க வேண்டும். எந்தப் பொட்டுக்காக அத்தையோடு கட்டிப் புரண்டேனோ, அதைப் பிய்த்துப் போடு என்று நானே அம்மாவிடம் சொல்ல வேண்டியதாயிற்று.

"நான் வேலைய வுட்டுர்றேன்" என்றாள் அம்மா.

"பைத்தியமா உனுக்கு? தப்பு பொட்டு மேல. நீ எதுக்கு வுடணும்?"

"உனுக்கு இன்னாடி, ஊரப்பாக்கத்துல குந்திகினு பேசுவ. தட்டத் தூக்கிகினு போறத நீ பாத்தியா? நான் பாத்தேன்."

எனக்குக்கூடச் சில இடத்தில் வாய் மூடிக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் களிம்பைப் போட்டுக்கொண்டு, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, அவள் வாசலுக்கே வராமல் கிடந்தாள். அத்தை போன் பண்ணி, "மையால வட்டம் வரைஞ்சிக்கச் சொல்லு" என்று யோசனை சொன்னாள். நல்ல யோசனை!

பள்ளிக்கூடம் திறக்கிற அன்று நான் லீவு போட்டுவிட்டு விடிந்ததும் ரயிலேறிப் போனேன், எப்படியாவது இழுத்துக்கொண்டு போவது என்று. போனால் அம்மா குளித்து, புடவை கட்டி, தலையை இறுக்கிப் பின்னிக்கொண்டு, வெறும் நெற்றியோடு வாசலில் நிற்கிறாள். கறுத்த முகத்தின் நடுவில் அந்த வெள்ளை அவ்வளவு தூரத்திலேயே தெரிந்தது.

"அந்த மீன்காரி வெயில்ல குந்திகினு விக்கறா. நான் நெழல்ல நின்னு சோறு போட மாட்டனா?" என்றாள். "நீ வந்தா வாய மூடிகினு வா. சண்ட கிண்ட போட்ட, கொன்னுடுவேன்."

வாயை மூடிக்கொண்டு போனேன். பையில் டாக்டர் சீட்டு இருந்தது. நெஞ்சில் ஊர்த்தெருவுக்குக் கொடுக்க வேண்டிய அத்தனை பதிலும் தயாராக இருந்தது. தலைமையாசிரியர் பார்த்துவிட்டுப் பதறினார். "பொட்டுக் கோந்து சார், டாக்டர் எடுக்கச் சொல்லிட்டாங்க, ஒட்டாது" என்று அம்மா ஒரே மூச்சில் ஒப்பித்தாள். அவர் தலையாட்டினார். மத்தியானம் வரிசை வந்தது. பிள்ளைகள் வெறித்துப் பார்த்தார்கள். ஒரு பொடிசு, "ஆயா, நெத்தி ஏன் வெள்ளையா கீது?" என்றது. "பொட்டு கடிச்சிடுச்சி" என்றாள் அம்மா. "சரி, எனக்கு பெரிய முட்டை" என்று தட்டை நீட்டியது. நான் மூச்சு விட்டேன்.

ஆனால் பிள்ளைகள் வீட்டுக்குப் போனால் சொல்லுமே. நான் எதிர்பார்த்தது நடந்தது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு கடைசிப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஊர்த்தெருவிலிருந்து ஒரு பெண் வேகவேகமாக வந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அம்மா முதல்முதலாக உலை வைத்த அன்றைக்கு முதல் ஆளாகத் தட்டைப் பிடுங்கிக்கொண்டு போன வீட்டுக்கு வாழ வந்த மருமகள் அவள். அம்மாவின் கையிலிருந்த தேய்க்கிற நார் அப்படியே நின்றது. நான் புடவையைச் செருகிக்கொண்டு குறுக்கே போய் நின்றேன்.

"இன்னா?" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அம்மாவின் நெற்றியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் நகத்தால் தன் பொட்டின் ஓரத்தைக் கிளப்பி உரித்தாள்.

வெள்ளை. பட்டாணி அளவில், அதே இடத்தில், அதே பிசிறு.

ஐயோ, இந்த ஊரில் இன்னும் எத்தனை பொட்டுக்கு அடியில் என்ன இருக்கிறதோ என்று உடம்பு சிலிர்த்துப் போனது.

"யாருக்கும் தெரியாது ஆயா" என்றாள் அந்தப் பெண். அழ ஆரம்பித்தாள். "உன்னுதும் இதுவும் ஒண்ணுதானா? தொட்டுப் பாத்து சொல்லேன்."

அம்மா கையைக் கழுவிப் புடவையில் துடைத்துக்கொண்டாள். இந்தக் கையால் சோறு வாங்க மாட்டோம் என்று அந்த வீட்டுக்காரர்கள் சொன்ன கை. மெதுவாக அவள் நெற்றியைத் தொட்டாள். "தொடறது தெரியுதா?" என்று கேட்டாள். தெரிகிறது என்று அவள் தலையாட்டினாள். "அரிக்குதா?" அதற்கும் தலையாட்டினாள்.

"அப்ப பயப்படாத. எதுக்கும் பெரியாஸ்பத்திரிக்குப் போயி காட்டிடு. உனுக்கு இன்னும் சின்னதாதான் கீது, மறைஞ்சிடும்" என்றாள் அம்மா. அவள் குரலில் இத்தனை நாள் கழித்து ஒரு தெம்பு வந்திருந்தது. "பொட்டு மட்டும் இனிமே வைக்காத. நாளிக்கே எடுத்துடு."

அந்தப் பெண் உரித்த பொட்டை விரல் நுனியில் வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் அதை மறுபடி நெற்றியில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினாள்.

"எப்டி ஆயா எடுக்கறது?" என்றாள். "எங்கூட்டுக்காரரு உசுரோட கீறாரே."